ஒன்பது பேரோடு டாஸ் போட வைப்பவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் மேட்சுக்கு வர்றீங்களா என்று வியாழக்கிழமை கேட்டால் "கண்டிப்பா வர்றேண்ணே" என்கிறீர்கள். வெள்ளிக்கிழமை கேட்டாலும் அதே பதில்தான். எதிரணித் தலைவரிடம் ஆள் கணக்கைச் சொல்லி, பந்து வாங்கி, வண்டியில் யார் யாரை எங்கே ஏற்றுவது என்று பேசி முடித்த பிறகு, சனிக்கிழமை ராத்திரி பத்தரை மணிக்கு ஒரு செய்தி வருகிறது: "அண்ணே, நாளைக்கு ஒரு வேலை வந்துருச்சு, அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க." எதை அட்ஜஸ்ட் பண்ணுவது? மைதானத்தைச் சுருக்கவா? எதிரணியிலும் ரெண்டு பேரை உட்காரச் சொல்லவா?

உடம்புக்கு முடியாதவரையோ, வீட்டில் துக்கம் என்றவரையோ, கடைசி நேரத்தில் ஷிஃப்ட் மாறியவரையோ யாரும் ஒரு வார்த்தை சொல்லப் போவதில்லை. அவர்கள் விஷயம் தெரிந்த நிமிஷமே கூப்பிட்டுச் சொல்லிவிடுகிறார்கள். கோபமெல்லாம் இன்னொரு வகை ஆட்கள் மேல். வேறு எங்காவது போக வழி அமைந்தால் அங்கே போய்க்கொள்ளலாம், அமையாவிட்டால் மேட்ச் இருக்கவே இருக்கிறது என்று பெயரை மட்டும் கொடுத்து வைப்பவர்கள் மேல்.

நீங்கள் பெயரைக் கொடுத்ததால் என்ன ஆனது தெரியுமா? 12-வது ஆளாக ஒருவர் காத்துக்கொண்டிருந்தார். "11 பேர் ஆயிட்டாங்க தம்பி, அடுத்த வாரம் பார்ப்போம்" என்று வெள்ளிக்கிழமையே அவரிடம் சொல்லியாயிற்று. அவர் மூஞ்சி வாடியதைப் பார்த்துக்கொண்டேதான் சொல்ல வேண்டியிருந்தது. அவரும் ஞாயிற்றுக்கிழமைக்கு வேறு வேலையை ஒத்துக்கொண்டுவிட்டார். சனிக்கிழமை ராத்திரி அவரைக் கூப்பிட்டால் எப்படி வருவார்? நீங்கள் வராததோடு நிற்கவில்லை; வர ஆசைப்பட்ட ஒருவரையும் வரவிடாமல் செய்தீர்கள். இப்படி மூன்று வாரம் நடந்தால் அவர் வேறு அணிக்குப் போய்விடுவார். போகத்தான் செய்வார்.

ரெண்டு பேர் குறைந்தால் என்ன பெரிய நஷ்டம் என்று கேட்பவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பந்து வீசுபவரையும் கீப்பரையும் வேறு இடத்தில் நிறுத்த முடியாது. 11 பேர் இருந்தால் மீதி 9 பேரை வைத்து ஃபீல்டிங் அமைக்கலாம். 9 பேர்தான் என்றால் மீதி 7. முதலில் காலியாவது கீப்பருக்குப் பின்னால் எல்லைக்கோட்டுப் பக்கம் இருபுறமும் நிற்கிற தேர்ட் மேன், ஃபைன் லெக். அப்புறம் கீப்பருக்குப் பக்கத்தில் கேட்சுக்காக நிற்கிற ஸ்லிப்பையும் எடுத்து, பேட்ஸ்மேனுக்கு முன்னால் பக்கவாட்டில் இருக்கிற கவரில் போட வேண்டியதாகிறது, இல்லாவிட்டால் ஒவ்வொரு தட்டலுக்கும் ரன். புதுப்பந்தை நன்றாக வெளியே ஸ்விங் பண்ணுகிற ஒருவர் ஓடி வந்து போடுகிறார். பந்து மட்டையின் விளிம்பில் பட்டு, ஸ்லிப் நிற்க வேண்டிய இடத்தில் இடுப்பு உயரத்தில் பறந்து, தேர்ட் மேன் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி நாலு ரன் போகிறது. அந்தப் பந்து வீச்சில் என்ன குறை? விக்கெட் விழ வேண்டிய பந்து அது. அவர் இடுப்பில் கை வைத்து அந்தக் காலி இடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாரே, அந்த இடத்துக்குப் பெயர் கொடுத்தவர் நீங்கள்.

ரன் அவுட் வாய்ப்பு வந்தால் இன்னும் மோசம். கவரில் இருப்பவர் பாய்ந்து எடுத்து கீப்பர் பக்கம் எறிகிறார். ஆள் நிறைந்த அணி என்றால் எதிர்ப்பக்கம், பேட்ஸ்மேனின் முதுகுப்புறம் பக்கவாட்டில், ஸ்கொயர் லெக்கில் இருப்பவர் ஓடி வந்து ஸ்டம்புக்குப் பின்னால் பத்து பதினைந்து அடி தள்ளிக் காவலுக்கு நிற்பார். அங்கே யாரும் இல்லாதபோது கீப்பர் கையில் சிக்காத பந்து நேராக எல்லைக்கோட்டுக்குத்தான் போகும். ஓடி முடித்த ஒரு ரன்னோடு நாலும் சேர்ந்து ஐந்து. எறிந்தவர் தலையில் கை வைக்கிறார். அடுத்த தடவை அதே வாய்ப்பு வந்தால் எறியப் பயந்து பந்தைக் கையிலேயே வைத்துக்கொள்கிறார். ஒரு நல்ல ஃபீல்டரின் தைரியம் இப்படித்தான் போகிறது.

பேட்டிங்கிலும் அதே கதைதான். 9 பேர் என்றால் 8 விக்கெட் விழுந்ததும் இன்னிங்ஸ் முடிந்தது. கடைசி ஆள் தனியாக ஆட முடியாது. 20 ஓவர் மேட்சில் ஒருவருக்கு 4 ஓவர்தான் என்று வைத்தால் ஐந்து பவுலர் கட்டாயம் வேண்டும். வராத ரெண்டு பேரில் ஒருவர் பவுலராக இருந்தால், பழக்கமே இல்லாத ஒருவர் கையில் 24 பந்தைக் கொடுக்க வேண்டும். அவர் வைடு போட்டால் திட்டு அவருக்குத்தான் விழுகிறது. பந்துச் செலவும் மைதானச் செலவும் 11-ஆல் வகுக்க வேண்டியது 9-ஆல் வகுபடுவதால் தலைக்கு 22 சதவீதம் கூடுதல் வேறு. வந்ததற்கு அபராதம்!

"யாரையாவது பிடிச்சு இறக்கிக்கோங்க" என்று ஒரு யோசனையும் சொல்வீர்கள். விதி தெரிந்து சொல்லுங்கள். டாஸுக்கு முன்னால் தலைவர் பெயர்ப் பட்டியலை எழுதிக் கொடுத்துவிட்டால், எதிரணித் தலைவர் சம்மதிக்காமல் ஆளை மாற்ற முடியாது. ஆட்டத்தின் நடுவில் நிற்க வைக்கிற மாற்று ஃபீல்டர் பந்து வீசவும் கூடாது, பேட் செய்யவும் கூடாது. அதனால் வர முடியாது என்பதை டாஸுக்கு முன்னால் சொன்னால் மைதானத்துக்கு வந்திருப்பவர்களில் ஒருவரையாவது பட்டியலில் சேர்க்கலாம். "வந்துட்டே இருக்கேன், பத்து நிமிஷம்" என்று டாஸ் வரைக்கும் இழுத்துவிட்டு அப்புறம் போனை எடுக்காமல் இருப்பவரை மன்னிக்கவே முடியாது.

இனி, வருகிறவர்களிலும் சிலர் இருக்கிறார்கள். டாஸ் போடும்போது மட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து இறங்குவார்கள். ஆடுகளம் தானாக முளைத்து நிற்கிறது என்று நினைப்பு. முதல் நாள் சாயங்காலமே ரெண்டு பேர் போய், பவுலர்களின் கால் விழுந்து குழியான இடங்களை அதே மண்ணால் நிரப்பி, நனைத்து, இடித்துக் கெட்டித்திருக்கிறார்கள். தண்ணீர் தெளித்து விட்டிருக்கிறார்கள். காலையில் பெருவிரலால் அழுத்தினால் தடம் பதிய வேண்டும், ஆனால் மண் விரலில் ஒட்டக் கூடாது. ரோலர் இழுக்க அதுதான் பதம். ஈரம் அதிகமாக இருக்கும்போது இழுத்தால் மண் ரோலரோடு பெயர்ந்து வரும். காய்ந்த பிறகு இழுத்தால் மேலே உருண்டு போகுமே தவிர தரை இறுகாது. அந்தப் பதம் நீங்கள் பல் தேய்க்கிற நேரத்தில்தான் வருகிறது. ரோலரை இழுக்க நாலு பேர் வேண்டும். ரெண்டு பேர் இழுத்தால் கோணலாகப் போகும், பாதி வேகத்தில் நிற்கும், நின்ற இடமெல்லாம் பள்ளம். அப்புறம் ஆடுகளத்தின் மேல் மேட் என்கிற விரிப்பை விரித்து, ஒரு முனையை அடித்து, மறுமுனையை ரெண்டு பேர் பின்னால் சாய்ந்து இழுத்துப் பிடிக்க, இந்தப் பக்கம் ஒரு ஆணி, அந்தப் பக்கம் ஒரு ஆணி என்று மாற்றி மாற்றி அடித்து வர வேண்டும். ஒரே பக்கமாக அடித்துக்கொண்டு போனால் நடுவில் சுருக்கம் நிற்கும். அந்தச் சுருக்கத்தில் குத்துகிற பந்துதான் கணுக்காலுக்கும் வரும், தாடைக்கும் வரும்.

நீளத்தை எடுத்துக்கொள்வோம். ஆள் இல்லாத அவசரத்தில் ஒருவர் 22 எட்டு வைத்து நடந்து "சரி, ஸ்டம்பை நடு" என்பார். 22 கஜம் என்பது 66 அடி, 20.12 மீட்டர். ஒவ்வொரு எட்டும் ஒரு கஜத்துக்கு ரெண்டே அங்குலம் குறைந்தால் மொத்தத்தில் 44 அங்குலம், அதாவது 3 அடி 8 அங்குலம் காணாமல் போகும். 62 அடிச் சொச்சத்தில் ஒரு வேகப்பந்து வீச்சாளரை எதிர்கொண்டு பாருங்கள். நல்ல நீளத்தில் விழ வேண்டிய பந்து மட்டையின் அடியிலேயே விழும். பவுன்சர் மார்புக்கு வருவதற்குள் தலையைத் திருப்ப நேரம் இருக்காது.

இதைத் தவிர்க்க ஒரே ஒரு கயிறு போதும், ஆனால் அதைப் பிடிக்க ரெண்டு பேர் வேண்டும். ரெண்டு முனையிலும் வளையம், நடுவில் சரியாக 66 அடி. ஒவ்வொரு முனையிலிருந்தும் 4 அடியில் ஒரு முடிச்சு. பேட்ஸ்மேன் எட்ட வேண்டிய கோடான பாப்பிங் கிரீஸ் அங்கேதான் வரும். நைலான் கயிறு என்றால் இழுக்க இழுக்க நீளும், டேப்பால் ஒரு தடவை சரிபார்க்காமல் நம்பக் கூடாது. ஸ்டம்புகள் நிற்கிற கோடான பவுலிங் கிரீஸ் 8 அடி 8 அங்குலம், நடு ஸ்டம்பிலிருந்து இருபுறமும் 4 அடி 4 அங்குலம். அது நேராக இருக்கிறதா என்று பார்க்க, எதிர்முனை நடு ஸ்டம்பில் கயிற்றைக் கட்டி இந்தக் கோட்டின் ரெண்டு நுனிக்கும் பிடியுங்கள். ரெண்டு நீளமும் ஒன்றாக இருந்தால் கோடு நேர். வித்தியாசம் வந்தால் கோடு சாய்ந்திருக்கிறது. கிரீஸ் என்பது சுண்ணாம்புக் கோட்டின் பின்விளிம்பு. மட்டை கோட்டின் மேல் இருந்தால் உள்ளே வந்ததாகக் கணக்கில்லை. இது தெரியாமல் எத்தனை ஸ்டம்பிங், எத்தனை ரன் அவுட் சண்டையில் முடிந்திருக்கின்றன! கோட்டை இழுத்தவரே களத்தில் இருந்தால் ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார்.

அடுத்து, அவுட் ஆனதும் கால்காப்பான பேடைக் கழற்றிப் போட்டுவிட்டு வண்டியைக் கிளப்புகிறவர்கள். தன் அணி பேட் செய்யும்போது யாருக்கெல்லாம் வேலை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். நடுவில் ஆடுபவர்கள் 2, அம்பயர்கள் 2, ஸ்கோர் எழுத 1, அடுத்து இறங்க பேடு கட்டி உட்கார 2. ஆக 7. ஒன்பது பேர் அணியில் மிச்சம் ரெண்டே பேர். அதில் ஒருவர் கிளம்பினால் அம்பயராக நிற்பவரை நடு ஓவரில் கூப்பிட்டு "பேடு கட்டு, நீதான் அடுத்து" என்று சொல்ல வேண்டியிருக்கிறது. பந்துக் கணக்கு அங்கேயே குழம்புகிறது. ஸ்கொயர் லெக்கில் நிற்பவர் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பேட்ஸ்மேன் முனையில் ரன் அவுட், ஸ்டம்பிங், ஹிட் விக்கெட் மூன்றும் அவர் பொறுப்பு. "கவனிக்கல" என்று அவர் சொல்கிற ஒரு வார்த்தையால் ரெண்டு ஊர்க்காரர்கள் ஒரு மாதம் பேசாமல் இருக்கிறார்கள்.

ஸ்கோர் புத்தகம் ஒரு இன்னிங்ஸில் நாலு கை மாறுகிறது. மாறும்போதெல்லாம் ஒரு லெக் பை, அதாவது மட்டையில் படாமல் உடம்பில் பட்ட பந்துக்கு ஓடிய ரன், தொலைகிறது. வைடுக்கு அம்பயர் கையை விரித்தால் ஸ்கோரர் கையைத் தூக்கிக் காட்டும் வரை அடுத்த பந்தை விடக் கூடாது. நம்மில் யார் செய்கிறோம்? ஐந்து ஓவருக்கு ஒரு தடவை கணக்கை நேர் பண்ணுங்கள். பேட்ஸ்மேன்கள் எடுத்தது 118, மட்டையால் வராத ரன்னான எக்ஸ்ட்ரா 19 என்றால் மொத்தம் 137. அந்த 19-ல் வைடு 8, நோ பால் 2, பை 5, லெக் பை 4 என்று வைத்துக்கொள்ளுங்கள். வைடும் நோ பாலும் பவுலர் கணக்கில் ஏறும், பையும் லெக் பையும் ஏறாது. ஆக பவுலர்கள் கொடுத்தது 128, பை வகை 9, அதுவும் 137. ரெண்டு பக்கமும் ஒத்து வராவிட்டால் அப்போதே பிழையைத் தேடுங்கள். கடைசி ஓவரில் 3 ரன் வேண்டுமா 4 ரன் வேண்டுமா என்று தேடினால் அடிதடிதான்.

இதையெல்லாம் சொன்னால் "ஊர் மேட்ச்தானே, எதுக்கு இவ்வளவு டென்ஷன்" என்று ஒரு பதில் வரும். அதைக் கேட்டால்தான் வயிறு எரிகிறது. ஹாம்பிள்டன் என்ற சின்ன ஊரின் கழகம் 1777-ல் இங்கிலாந்து அணியையே ஒரு இன்னிங்ஸும் 168 ரன்னும் வித்தியாசத்தில் தோற்கடித்தது. ஊர் ஆட்டம் அப்படி வளர்ந்த ஆட்டம். அது போகட்டும். உங்கள் அணியிலேயே 11-வதாக இறங்குகிற ஒருவர் இருக்கிறார், பாருங்கள். பந்து வீசவும் வராது, பேட்டிங் கிடைப்பதும் அபூர்வம். விடியற்காலையில் கயிற்றின் ஒரு முனையைப் பிடிப்பவர் அவர்தான். புதிதாக வந்த பையனுக்குக் கை நடுங்குவதைப் பார்த்துக் குனிந்து பேடின் வாரை இறுக்கிவிடுபவர், எறிபந்து தன் பக்கம் வராது என்று தெரிந்தும் தேர்ட் மேனிலிருந்து ஒவ்வொரு தடவையும் ஸ்டம்பை நோக்கி ஓடி வருபவர், கேட்ச் விட்டவர் தோளில் முதலில் கை போடுபவர். அணி என்று நாம் சொல்வது அவரைத்தான். நீங்கள் வராத ஞாயிற்றுக்கிழமையில் தேர்ட் மேனையும் ஃபைன் லெக்கையும் மாற்றி மாற்றி ஓடிப் பார்ப்பவரும் அவர்தான். பதினைந்தாவது ஓவரில் முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்கிறார். ஒரு வார்த்தை குறை சொல்வதில்லை. அதனால்தான் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

இனிமேல் இப்படி வைத்துக்கொள்வோம். பெயர் கொடுப்பது வியாழன் இரவு 9 மணியோடு முடியும். பட்டியலில் 13 பேர். கடைசி ரெண்டு பேருக்கு அடுத்த வாரம் முதல் ரெண்டு இடம் உறுதி, அவர்களை வெறும் காத்திருப்பாக விடக் கூடாது. நல்ல காரணம் இல்லாமல் வெள்ளிக்கிழமைக்குப் பிறகு விலகுபவர் தன் பங்குப் பணத்தைக் கட்டிவிட்டு அடுத்த ரெண்டு மேட்ச் பட்டியலின் அடியில் இருக்கட்டும், எவ்வளவு பெரிய ஆட்டக்காரராக இருந்தாலும். டாஸுக்கு ஒரு மணி நேரம் முன்னால் மைதானத்தில் இருப்பவர்களுக்குத்தான் பேட்டிங் வரிசையில் முதல் ஐந்து இடம். முதலில் அவுட் ஆகும் ரெண்டு பேர் அடுத்த 5 ஓவருக்கு அம்பயர். மேட்ச் முடிந்ததும் 6 ஸ்டம்ப், 4 பெயில், கயிறு, சுத்தியல் எல்லாம் எண்ணிப் பையில் போட்டு, மேட்டைச் சுருட்டித் தூக்கி வைக்கிற வரைக்கும் ஒருவரும் வண்டியைக் கிளப்பக் கூடாது.

வர முடியாது என்றால் வியாழக்கிழமையே "வரல" என்று போடுங்கள். காரணம்கூட வேண்டாம். அந்த இடத்துக்கு ஒரு தம்பி ஷூவைத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறான்.