அந்தமான் போகிறீர்களா? பாராட்டாங் நாளை எடுத்துவிடுங்கள்

அரையாண்டு லீவு நெருங்கிவிட்டது. திரும்பிய பக்கமெல்லாம் அந்தமான் பேக்கேஜ் விளம்பரம். தெரிந்தவர்கள் நாலைந்து பேர் பயணத் திட்டத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "இது சரியா இருக்கா, பார்த்துச் சொல்லு" என்று கேட்டிருக்கிறார்கள். எல்லாம் கிட்டத்தட்ட ஒரே திட்டம்தான். இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியிருக்கும் போர்ட் பிளேர், செல்லுலார் ஜெயில், ஹேவ்லாக், நீல் தீவுகள், நடுவில் ஒரு முழு நாள் பாராட்டாங் தீவு. எல்லோருக்கும் நான் சொன்ன பதிலும் ஒன்றுதான்: அந்தப் பாராட்டாங் நாளை எடுத்துவிடுங்கள்.

ஏன் என்று தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கேயே எழுதிவிடுகிறேன்.

அந்த நாள் எப்படிப் போகும் என்று முதலில் பாருங்கள். விடியற்காலை மூன்று மணிவாக்கில் ஹோட்டலில் இருந்து கிளம்ப வேண்டும். ஜிர்காடாங் செக்போஸ்டில் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும். ஆறு மணிக்குக் கேட் திறந்ததும் போலீஸ் காவலோடு எல்லா வண்டிகளும் கான்வாயாகக் காட்டுக்குள் போகும். வழியில் நிறுத்தக் கூடாது, போட்டோ எடுக்கக் கூடாது. காடு முடிந்ததும் ஃபெர்ரியில் ஏறி நீரிணையைத் தாண்டி, அப்புறம் ஸ்பீட் போட், அப்புறம் நடை. கடைசியில் நீங்கள் பார்ப்பது அலையாத்திக் காட்டுக்குள் ஒரு படகுப் பயணம், ஒரு சுண்ணாம்புக்கல் குகை, சேறு கொப்பளிக்கும் ஒரு சின்ன மேடு. சாயங்காலம் ரூமுக்கு வந்து விழும்போது குழந்தைகள் துவண்டு போயிருப்பார்கள்.

அலையாத்திக் காட்டில் படகு போக வேண்டுமென்றால் நமக்குச் சிதம்பரத்துக்குப் பக்கத்திலேயே பிச்சாவரம் இருக்கிறது. சுண்ணாம்புக்கல் குகை பார்க்க வேண்டுமென்றால் விசாகப்பட்டினத்தில் இருந்து அரக்கு போகிற ரயிலில் ஏறி, பொர்ரா குகையில் இறங்கலாம். பாராட்டாங் குகையைவிட அது எவ்வளவோ பெரியது. அப்படியிருக்க, நடுராத்திரியில் எழுந்து இவ்வளவு கூட்டம் ஏன் அந்த ரோட்டுக்குப் போகிறது?

நாங்கள் அந்தமான் போயிருந்தபோது வண்டி ஓட்டியவர், தாத்தா காலத்திலேயே அங்கே குடியேறிய தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. பாராட்டாங் வேண்டாம் என்று நான் சொன்னதும், "லக் இருந்தா போற வழியில ஜாரவாவப் பாக்கலாம்க்கா, முதல் கான்வாய்னா சான்ஸ் ஜாஸ்தி" என்றார். அந்தக் காட்டில் வாழும் பழங்குடி மக்களைத்தான் சொன்னார், புலி பார்க்கக் கூட்டிப் போகிற மாதிரி. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "வர்ற கெஸ்ட்டெல்லாம் முதல்ல அதத்தான்க்கா கேக்குறாங்க" என்று அவரே சொன்னார். கேட்பது நாம்தான். சென்னையில் இருந்தும் கோயம்புத்தூரில் இருந்தும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிற நாம்தான்.

ஜாரவா மக்கள் சில நூறு பேர்தான் இருக்கிறார்கள். அவர்களுக்கென்று ஒதுக்கிய காடு ஆயிரம் சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். 1997, 98 வரை வெளியாட்களோடு ஒட்டாமல் வாழ்ந்தவர்கள். ஒட்ட ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே, 1999இல் தட்டம்மை பரவியது. 2006இல் மறுபடியும் வந்தது. நம் வீட்டில் வேப்பிலை செருகி, பத்து நாளில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிடுகிற நோய், அதை அறியாத உடம்புக்கு என்ன செய்யும் என்பதற்கு அந்தமானிலேயே சாட்சி இருக்கிறது. 1858இல் பிரிட்டிஷ்காரர்கள் கைதிகளைக் கொண்டுவந்து குடியேற்றியபோது கிரேட் அந்தமானியர் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். சண்டையும் நோயுமாகப் போய், 1961 கணக்கெடுப்பில் மிச்சம் 19 பேர். அவர்களில் ஒரு பிரிவான போ மக்களின் மொழியைப் பேசிய கடைசி மனுஷி, போவா சீனியர் என்ற மூதாட்டி, 2010 ஜனவரியில் காலமானார். பேச்சுத் துணைக்கு அந்த மொழியில் ஒருவர்கூட இல்லாமல் அவர் பல வருஷம் இருந்திருக்கிறார்.

சட்டம் இல்லாமல் இல்லை. பழங்குடிகளைக் காக்கும் ஒழுங்குமுறை 1956இலேயே வந்துவிட்டது. அந்தக் காட்டின் ஊடே போகிற அந்தமான் டிரங்க் ரோட்டின் பகுதிகளை மூடச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2002இல் உத்தரவிட்டது. ரோடு மூடப்படவில்லை. 2012இல், சாப்பாட்டுக்காக ஜாரவாப் பெண்களை ஆடச் சொல்லும் வீடியோ ஒன்று உலகம் முழுக்கப் பரவியது. அடுத்த வருஷம் சுற்றுலா வண்டிகளுக்கு இடைக்காலத் தடை வந்தது, சில வாரங்களில் அதுவும் விலகியது. ஆக, அந்த ரோட்டில் போவது இன்றைக்குச் சட்டப்படி சரி. நான் சட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. நம் வீட்டு வாசலில் தினமும் நூற்றுக்கணக்கான வண்டிகள் எட்டிப் பார்த்துக்கொண்டே போனால் நமக்கு எப்படி இருக்கும்?

வடக்கே ரங்கத், மாயாபந்தர், டிக்லிபூர் ஊர்களில் இருக்கிறவர்களுக்கு ஆஸ்பத்திரி, ஆபீஸ் எல்லாவற்றுக்கும் அந்த ரோடுதான் வழி. அவர்கள் போவதையும் நாம் வேடிக்கைக்குப் போவதையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. பாராட்டாங் படகுக்காரர்களின் வருமானம் போகுமே என்று கேட்டால், போகும், அதற்கு மாற்று ஏற்பாடு செய்ய வேண்டியது அரசு. அதைக் காரணமாகச் சொல்லி ஒரு சனத்தைக் காட்சிப்பொருளாக்குவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

சரி, மிச்சமாகிற ஒரு நாளை என்ன செய்வது?

என்னைக் கேட்டால் நீல் தீவில் ஒரு ராத்திரி கூடுதலாகத் தங்குங்கள். முக்கால்வாசிப் பேர் காலை ஃபெர்ரியில் வந்து, மூன்று பீச்சைப் பார்த்துவிட்டு, மத்தியான ஃபெர்ரியில் கிளம்பிவிடுகிறார்கள். நீல் தீவின் அருமை கடல் வற்றும் நேரத்தில்தான் தெரியும். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் நன்றாக வற்றும். காலண்டரைப் பார்த்துத் தேதி போடுங்கள். லக்ஷ்மண்பூர் இரண்டாம் கடற்கரையில் ஹவுரா பிரிட்ஜ் என்று அவர்கள் சொல்லும் இயற்கைப் பாறை வளைவு இருக்கிறது. எல்லோரும் அதன் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். நீங்கள் அங்கேயே ஒரு பாறைக் குழியின் பக்கத்தில் குத்தவைத்து உட்காருங்கள். முதலில் வெறும் தண்ணீர்தான் தெரியும். கொஞ்ச நேரத்தில் கறுப்புக் கடல் அட்டை மெல்ல நகர்வது கண்ணில் படும். கல்லிடுக்கில் இருந்து மெல்லிய கை ஒன்று நீண்டு மணலைத் துழாவும், அது நட்சத்திர மீனுக்கு உறவான ஓர் உயிர். பாறையில் பதிந்த ராட்சத மட்டி, நீலமும் பச்சையுமாக உதடு விரித்திருக்கும். உங்கள் நிழல் விழுந்தால் சட்டென்று மூடிக்கொள்ளும். எங்களோடு வந்த சின்னவன் அங்கிருந்து எழுந்து வரவே மாட்டேன் என்று அடம்பிடித்தான். எதையும் தொட வேண்டாம், சிப்பி பொறுக்கவும் வேண்டாம். பவளத்தைப் பைக்குள் போட்டு வருவது சட்டப்படி குற்றம்.

நீலில் கூடுதலாகத் தங்க முடியாதென்றால் போர்ட் பிளேருக்குப் பக்கத்தில் இருக்கும் வண்டூரில் இருந்து ஜாலி பாய் தீவுக்குப் போங்கள். மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவைச் சேர்ந்தது, சுமாராக நவம்பர் முதல் மே வரை திறந்திருக்கும், மற்ற மாதங்களில் அதற்குப் பதில் ரெட் ஸ்கின் தீவு. பிளாஸ்டிக் பையோடு உள்ளே விட மாட்டார்கள், அந்தக் கண்டிப்பு எனக்கு ரொம்பப் பிடித்தது. 2010இலும் 2016இலும் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்துப்போன பகுதி இது. முகமூடி மாட்டிக்கொண்டு நீந்தும்போது கால் எட்டுகிறதே என்று பவளத்தின் மேல் ஏறி நிற்காதீர்கள். அது உயிர்.

ஹேவ்லாக்கைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். ஒன்றே ஒன்று. அங்கே சூரியன் நம் ஊர் நேரத்துக்கு மறையாது. டிசம்பரில் ஐந்து மணி தாண்டியதுமே அஸ்தமனம். ராதாநகர் கடற்கரைக்கு நான்கு மணிக்குள் போய்விடுங்கள். ஐந்தரைக்குப் போனால் இருட்டைத்தான் பார்ப்பீர்கள்.

பழங்குடி மக்களைப் பற்றிப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்று நினைத்தால், போர்ட் பிளேரில் மானுடவியல் அருங்காட்சியகம் இருக்கிறது. ஜாரவா, ஓங்கே, சென்டினல், ஷோம்பென், நிக்கோபாரியர் எல்லோரைப் பற்றியும் நிதானமாகப் படித்துத் தெரிந்துகொள்ளலாம். பேக்கேஜ்காரர்கள் பல பேர் இதைச் சேர்ப்பதே இல்லை, நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும். செல்லுலார் ஜெயிலுக்கும் ஒலி ஒளிக் காட்சியோடு நிறுத்தாமல் ஒருநாள் காலையில் போங்கள். ஒரு வரிசை அறைகள் அடுத்த கட்டடத்தின் முதுகைப் பார்த்து இருக்கும். ஒரு கைதி இன்னொரு கைதியின் முகத்தைப் பார்த்துவிடக் கூடாது என்றே அப்படிக் கட்டியிருக்கிறார்கள். ஏழு பிரிவுகளில் இன்று நிற்பது மூன்று.

முன்பணம் கட்டிவிட்டோமே என்று இரண்டு பேர் கேட்டார்கள். கட்டியிருந்தாலும் பேசிப் பாருங்கள். "பாராட்டாங் வேண்டாம், அதற்குப் பதில் வண்டூர் போடுங்கள்" என்று சொன்னால் பெரும்பாலும் மாற்றிக் கொடுத்துவிடுகிறார்கள், காரணத்தையும் சேர்த்தே சொல்லுங்கள். திங்கட்கிழமை ஜாலி பாய் கிடையாது, அதை மட்டும் பார்த்துத் தேதி போடச் சொல்லுங்கள்.