ட்ரோன் மேல எனக்குக் கோபம் இல்லை

வயலுக்கு ட்ரோன்ல மருந்தடிக்கிற அந்த வீடியோவுக்குக் கீழே நேத்து நடந்த கூத்தைப் பார்த்திருப்பீங்க. ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "மெஷினைக் கண்டா பயப்படுற பழைய பஞ்சாங்கம்"னு ஒரு தம்பி எழுதுறார். அதுக்கு 37 சிரிப்பு. அதுல நாலு பேர் என் வீட்டு விசேஷத்துல பந்தியில உட்கார்ந்தவங்க. இருக்கட்டும்.

நான் கேட்டது இதுதான்: மருந்தடிக்காம எங்கே விட்டுச்சுன்னு ட்ரோன் ஏன் சொல்லலை?

நீடாமங்கலம் பக்கம் ஆறு மா நிலம், அதாவது ரெண்டு ஏக்கர், சம்பா. இலைச்சுருட்டுப்புழு. ட்ரோன் வந்தது, 10 லிட்டர் டேங்க், ஏக்கருக்குப் பத்து நிமிஷம்கூட ஆகலை. நடுவுல மருந்து தீர்ந்து திரும்புச்சு, ரொப்பினாங்க, மறுபடி போச்சு. ஓட்டின தம்பி திரையைக் காட்டினார், எல்லாம் பச்சை. பத்து நாள் கழிச்சுப் போனா, நடு வயல்ல ரெண்டு பாய் அகலத்துக்கு வரப்புலேருந்து வரப்புக்கு ஒரே பட்டை. இலையெல்லாம் சுரண்டி வெள்ளை வெள்ளையா. போன் பண்ணினா, "ஸ்கிரீன்ல முடிஞ்சதா காட்டுதே சார்."

எங்களுக்கு மருந்தடிக்கிற அண்ணன் முப்பது வருஷமா முதுகுல டேங்க் தூக்கினவர். அவரும் விடுவார். ஆனா சாயங்காலம் வாசல்ல நின்னு, "தம்பி, வடக்கு மூலையில பத்து குழி இடம் விட்டுப்போச்சு, காலையில அடிச்சுடறேன்"னுவார். அதனாலதான் நம்பினேன். தப்பே பண்ணாதவர்னு இல்லை. விட்டதைச் சொல்றவர்னு.

'பழகலை, அதான் பயம்'னு சொல்ற மேதாவிகளே, ரோபோ மேல மனுஷன் வைக்கிற நம்பிக்கை பத்தின ஆய்வுகளை 2011ல ஹான்காக்ங்கிற ஆராய்ச்சியாளரோட குழு தொகுத்துப் பார்த்துச்சு. ரோபோ வேலை செஞ்ச லட்சணம்தான் அதுல பெரிய காரணம், ஆளோட குணம் சொற்பம். 2016ல அமெரிக்காவுல ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகம் பண்ணின சோதனையைப் பாருங்க. கொஞ்ச நேரம் முன்னாடி தப்பா வழிகாட்டின ரோபோ பின்னாடியே, புகை வந்தப்பவும் ஜனங்க போனாங்க, வெளியே போற வழி கண்ணெதிர்ல இருந்தும். கண்மூடி நம்புறது எங்க ஊர் வியாதி மட்டும் இல்லை.

'கூலிக்கு ஆள் கிடைக்குதா?' தெரியும்யா, நானும் இங்கேதான் இருக்கேன்.

'மருந்து நெடி மனுஷன் மேல ஏறலையே?' இதுக்கு மட்டும் என்கிட்ட பதில் இல்லை. அந்த அண்ணன் ஒருநாள் வரப்புல சுருண்டு விழுந்தார். நான்தான் தூக்கினேன், சட்டையெல்லாம் மருந்து. அதனாலதான்யா தெருவுல முதல் ஆளா ட்ரோனைக் கூப்பிட்டேன்! நான்தான் கூப்பிட்டேன். நான் பழைய பஞ்சாங்கமா?

பட்டை இன்னும் அப்படியேதான் நிக்குது. சிரிச்ச 37 பேரும் வந்து பாருங்க. சாப்பாடும் போடறேன், வழக்கம்போல.