ராகம் போட்டால் வாசிப்பு வந்துவிடுமா?

டீச்சர் ஒரு வரி சொல்ல, வகுப்பே ராகம் போட்டுத் திருப்பிச் சொல்கிறது. நம் தொடக்கப் பள்ளிகளில் பலருக்கு இதுதான் 'சேர்ந்து வாசித்தல்'. வராண்டாவில் நின்று கேட்டால் ஜோராக இருக்கும். உள்ளே போய்ப் பாருங்கள், பாதிப் பிள்ளைகளின் கண் புத்தகத்திலேயே இருக்காது. பக்கத்தையே திருப்பாமல் பாடத்தை முழுசாக ஒப்பிக்கிற கில்லாடிகளும் உண்டு.

நியூசிலாந்தில் டான் ஹோல்டவே என்ற கல்வியாளர் சேர்ந்து வாசிக்கும் முறையை வளர்த்தெடுத்தபோது அவர் மனதில் இருந்தது வேறு. மடியில் உட்கார்ந்து கதை கேட்கும் குழந்தைக்குக் கிடைப்பது வகுப்பில் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும். அதற்குத்தான் கடைசி வரிசைக்கும் தெரிகிற பெரிய புத்தகம். நமக்கு ஒரு சார்ட்டும் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவும் போதும்.

மூன்றாம் வகுப்பில் நான் செய்வதைச் சொல்கிறேன். சார்ட்டில் ஒரு வரி: 'மாடியில் காய்ந்துகொண்டிருந்த வடகத்தைப் பாட்டி அவசரமாக அள்ளினாள்.' அங்கேயே நிறுத்திவிடுவேன். ஏன் அள்ளினாங்க? "காக்கா வந்துருச்சு மிஸ்", "மழை மிஸ்". சரி, எதை வச்சு சொல்ற? இந்த இரண்டாவது கேள்விக்குத்தான் பிள்ளைகள் மறுபடி சார்ட்டைப் பார்க்கிறார்கள். அடுத்த வரியில் மேகம் வந்ததும் மழைக் கட்சிக்கு ஒரே கொண்டாட்டம்.

'காய்ந்துகொண்டிருந்த' என்ற இடத்தில் பாதி வகுப்பு முட்டி நிற்கும். ஒரு அட்டையால் மறைத்து, 'காய்ந்து' மட்டும் காட்டுவேன். பிறகு 'கொண்டிருந்த'. நீளமான சொல்லைக் கண்டு மிரளாமல் துண்டு போடுவதும் ஓர் உத்திதான். சில சமயம் வேண்டுமென்றே, "எனக்கே இங்க புரியல, மேல ஒரு தரம் போய்ப் பாக்கலாமா?" என்பேன். மிஸ்ஸுக்கே புரியவில்லையா என்று முதலில் முழித்தார்கள். இப்போது தனியாகப் படிக்கும்போதும் விரல் மேல் வரிக்குப் போகிறது.

எழுத்தே தெரியாத பிள்ளைக்கு இது மட்டும் போதாது, அது தனி வேலை. ஆனால் எழுத்தெல்லாம் தெரிந்தும் படித்தது என்னவென்று சொல்லத் தெரியாத பிள்ளைகள்தான் என் வகுப்பில் அதிகம்.

தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நிலை பிரித்து வந்த குட்டிப் புத்தகங்கள் இதற்கு அருமையானவை. கிழிந்தால் யார் பதில் சொல்வது என்று பீரோவில் பூட்டி வைப்பவர்களை என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

"இதுக்கெல்லாம் நேரம் எங்கே?" என்கிறார்கள். வாரத்தில் 20 நிமிடம், கேள்வி பதிலைப் பார்த்து எழுத விடுகிற நேரத்திலிருந்து எடுத்துக்கொள்கிறேன். இதுவரை ஒரு பெற்றோரும் வந்து சண்டை போடவில்லை.