டோடோவுக்கு இன்னொரு படமும் இருக்கிறது

அழிந்துபோன டோடோ பறவையைப் பற்றிய கட்டுரையில் போட்டிருக்கும் குண்டு டோடோ, ஐரோப்பிய ஓவியர் சாவெரி 1626 வாக்கில் வரைந்தது. எங்கே பார்த்தாலும் இதே படம்தான், அலுத்துவிட்டது. ஏறக்குறைய அதே சமயத்தில் முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரின் அரசவை ஓவியர் உஸ்தாத் மன்சூர் வரைந்ததாகச் சொல்லப்படும் டோடோவையும் சேர்த்திருக்கலாமே? இப்போது ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் இருக்கிறது. அதில் பறவை இவ்வளவு ஊதிப்போய் இல்லை. பழுப்பு நிறம், கொக்கி மாதிரி வளைந்த அலகு, சாதாரணமாக நிற்கிறது. முகலாயர் ஆட்சியில் இருந்த சூரத்தில் இரண்டு டோடோக்களைப் பார்த்ததாக ஆங்கிலேயப் பயணி பீட்டர் மண்டி எழுதி வைத்திருக்கிறார். அதனால் மன்சூர் உயிருள்ள பறவையை நேரில் பார்த்தே வரைந்திருப்பார் என்று நம்பத் தோன்றுகிறது. அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். டோடோவோடு வரித்தலை வாத்துகளும் இருக்கும், குளிர்காலத்தில் நம்ம கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கு வருமே, அதேதான்!