ஈரைஞ்ஞூற்றுவர்

குமுளியில் எங்கள் வீட்டு முன்னறைதான் அப்பாவின் நகைப்பட்டறை. உமி அடுப்பு, ஊதுகுழல், சின்னத் தராசு. நகை வாங்க வருகிறவர்கள் எடையைப் பார்த்துவிட்டு, "தாய்ப் பொன்னிலும் மாப்பொன் எடுப்பான் தட்டான்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். பெற்ற தாயின் பொன்னில்கூடத் தட்டான் துளி திருடுவான் என்று அர்த்தம். அப்பா சிரிக்கமாட்டார்.

சிலப்பதிகாரத்தில் என் கண் போய் நிற்கிற இடமும் அதனால்தான் வேறு. நீர்ப்படைக் காதையில், கொற்கையில் இருந்த பாண்டியன் வெற்றிவேற் செழியன் பொற்கொல்லர் ஈரைஞ்ஞூற்றுவரைக் கண்ணகிக்கு ஒரே பகலில் பலி கொடுக்கிறான். ஆயிரம் பேர்! சிலம்பைத் திருடிய பொற்கொல்லன் ஒருவன். எனக்குப் பாடம் நடத்தியவர்கள் பொருள் சொல்லிவிட்டு அடுத்த அடிக்குப் போய்விட்டார்கள்.

ஒருவன் திருடியதற்கு ஆயிரம் பேரா என்று போன மாதம் ஒரு கருத்தரங்கில் எழுந்து கேட்டேன். "இன்றைய சாதி அரசியலை அன்றைய காப்பியத்தின் மேல் ஏற்றாதீர்கள். பலி கொடுத்தால் மழை வரும் என்பது அந்தக் காலத்து நம்பிக்கை" என்றார் மூத்த பேராசிரியர் ஒருவர். அவருடைய பயம் புரிகிறது. சித்திரை முழுநிலவன்று எங்கள் ஊர் மலைமேல் இருக்கும் கண்ணகி கோயிலான மங்கலதேவி கோயிலுக்கு ஜீப் ஏறும்போதெல்லாம், கண்ணகி கேரளத்துக்காரியா தமிழ்நாட்டுக்காரியா என்று வாக்குவாதம் கேட்டே வளர்ந்தவள் நான். கேரளம் என்ற மாநிலம் பிறந்ததே 1956-இல். புகாரில் பிறந்து, மதுரையில் வழக்காடி, சேர நாட்டு மலையில் குறவர் கண்ணெதிரே வானேறியவளிடம் அதற்கு என்ன பதில் இருக்கும்?

பொற்கொல்லர் விஷயம் அப்படியில்லை ஐயா. இங்கே அளவுகோல் கண்ணகியுடையது. "தேரா மன்னா" என்றுதான் அவள் பேச்சே தொடங்குகிறது. விசாரிக்காமல் கொன்றாய் என்பதுதான் வழக்கு. மதுரையை எரிக்கும்போதுகூட பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழவி ஆகியோரை விட்டுவிட்டு, தீத்திறத்தார் பக்கமே சேரும்படி தீயிடம் சொல்கிறாள். (அந்த வரிசையில் யார் முதலில் வருகிறார்கள் என்பது பெரிய சண்டை. தனியாக எழுதுகிறேன்.) தீயையே ஆள் பார்த்துப் போகச் சொன்னவள் அவள். அவள் பேரைச் சொல்லி வெட்டப்பட்ட ஆயிரம் பேரில் யார் என்ன குற்றம் செய்தான் என்று ஒருவரும் தேரவில்லை. கோவலனுக்கு நடந்ததேதான் அவர்களுக்கும் நடந்தது.

இதைப் பார்க்க எனக்கு உதவியது என் காலமும் என் அப்பாவின் முகமும்தான். ஆனால் நான் சொன்ன ஒவ்வொன்றும் நூலுக்குள்ளேயே இருக்கிறது, எடுத்துப் பாருங்கள். நீர்ப்படைக் காதை நடத்தும் ஆசிரியர்கள் அந்த அடிகளில் ஒரு மணி நேரமாவது நின்று பேசுங்கள். உங்கள் வகுப்பிலும் ஒரு பட்டறை வீட்டுப் பிள்ளை உட்கார்ந்திருக்கும்.