பொய் சொல்ல முடியாதவன்

ஃபேரிகள், அதாவது மேல்நாட்டுப் பழங்கதைகளில் வரும் மாய மனிதர்கள், உலவும் ஒரு நாவலைக் குறைசொல்லி ஞாயிற்றுக்கிழமை நான் எழுதிய மூன்று வரிகளுக்கு வந்த பின்னூட்டத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "பதின்பருவப் பிள்ளைகள் படிக்கிற கதையில் போய் லாஜிக் தேடுகிறீர்களே அக்கா!" அதன்கீழே வரிசையாகச் சிரிக்கும் முகங்கள். சிரித்தவர்களில் பாதிப் பேர் என் நண்பர்கள். பரவாயில்லை. சிரித்து முடித்திருந்தால் கொஞ்சம் கேளுங்கள்.

சிறகு எப்படி முளைத்தது, குதிரை எப்படிப் பேசியது என்றெல்லாம் நான் கேட்கவில்லை. அந்த நாவல், தானே போட்ட விதியைத் தானே மீறியது. அவ்வளவுதான் என் புகார். ஃபேரிகளால் பொய் சொல்லவே முடியாது, முயன்றால் நாக்கு எழாது என்று முதல் அத்தியாயத்திலேயே அடித்துச் சொல்கிறார்கள். கதாநாயகி ஒரு ஃபேரி இளவரசனை நம்பிக் காட்டுக்குள் போவதே அதனால்தான். 212ஆம் பக்கத்தில் அந்த இளவரசன், "உன் தங்கை எங்கே என்று எனக்குத் தெரியாது" என்கிறான். அவளைப் பூட்டி வைத்ததே அவன்தான்! பின்னால் ஏதாவது விளக்கம் வரும் என்று கடைசிப் பக்கம்வரை காத்திருந்தேன். நன்றியுரை வந்தது.

பொய் சொல்ல முடியாதவன் உண்மையை வைத்தேதான் ஏமாற்றியாக வேண்டும். இந்த வகைக் கதைகளின் ருசியே அங்கேதான் இருக்கிறது. "இந்தக் கோட்டையின் எந்த அறையிலும் அவள் இல்லை" என்று சொல்லியிருக்கலாமே. கிணற்றுக்குள் வைத்திருக்கிறான் என்று பிறகு தெரியும்போது நமக்கு வயிறு கலங்கியிருக்கும். ஸ்காட்லாந்தின் பழைய கதைப்பாடல் ஒன்றில் ஃபேரி அரசி, தாமஸ் என்பவனுக்குப் பொய்யே பேசாத நாக்கைப் பரிசளிக்கிறாள். இதை வைத்துக்கொண்டு சந்தையில் நான் எப்படி வாங்குவது, எப்படி விற்பது என்று அவன் பதறுகிறான். அந்த ஒரு பதற்றம் இந்த நானூறு பக்கத்தில் எங்கும் இல்லை.

அடுத்தது ஃபேரிகளுக்கு ஆகவே ஆகாத இரும்பு. என் அப்பத்தா ராத்திரியில் கறிக்குழம்பு கொடுத்தனுப்பினால் தூக்குவாளியின் மூடிமேல் ஒரு கரித்துண்டும் துருப்பிடித்த ஆணியும் இருக்கும். தம்பி பிறந்தபோது தொட்டிலுக்கு அடியில் பாக்குவெட்டி கிடந்தது. அயர்லாந்தில் குழந்தையை ஃபேரிகள் மாற்றி வைத்துவிடும் என்று பயந்து தொட்டிலின் குறுக்கே இரும்பு இடுக்கியை வைப்பார்கள் என்று பிறகு எங்கோ படித்தபோது எனக்குக் கை சிலிர்த்தது. எந்தத் தீவோ, எந்தக் கிழவியோ, அதே இரும்பு! அன்றிலிருந்துதான் இந்தக் கதைகளைத் தேடித்தேடிப் படிக்கிறேன். இந்த நாவலின் இளவரசனோ இரும்புக் கேட்டைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குள் வருகிறான். இடுப்பில் வாள் வேறு. எந்த உலோகம் என்று என்னைக் கேட்காதீர்கள், எழுதியவரே கேட்டுக்கொள்ளவில்லை.

"காலத்துக்கு ஏற்ப மாற்றக் கூடாதா?" என்பீர்கள். தாராளமாக மாற்றட்டும். மாற்றியதாகச் சொல்லிவிட்டு மாற்றட்டும். "காதல் கதையாகப் படியுங்கள்" என்பீர்கள். அப்படியும் படித்தேன். காது நுனி கூராக இருக்கும் ஒரு கல்லூரி மாணவன் கிடைத்தான். "முடிந்தால் நீ எழுதிப் பார்" என்று உள்பெட்டியில் வந்து சொன்னவருக்குப் பதில் கிடையாது. குழம்பில் உப்பில்லை என்று சொல்ல நான் சமையற்காரியாக வேண்டுமா?

ஃபேரியைத் தமிழில் 'தேவதை' என்று சொல்லிச் சொல்லி நமக்கும் பயம் விட்டுப்போயிற்று. அயர்லாந்து மக்கள் அதன் பெயரைச் சொல்லக்கூட அஞ்சி 'நல்லவர்கள்' என்றார்கள், நாம் நாகத்தை நல்ல பாம்பு என்பதைப் போல. 1895இல் அங்கே டிப்பரரியில் பிரிஜிட் கிளியரி என்ற பெண்ணை அவள் புருஷனே எரித்தான். இவள் என் மனைவி இல்லை, ஃபேரிகள் மாற்றி வைத்தது என்றான். 1999இல் அதே நாட்டின் கிளேர் பகுதியில் புதுச் சாலைக்காக ஒரு முள்மரத்தை வெட்டப் போனார்கள். அது ஃபேரிகளின் மரம் என்று ஒரு கதைசொல்லி எதிர்த்துக் கிளம்ப, மரத்தை விட்டுவைத்தார்கள். இத்தனை பயத்தையும் துடைத்துவிட்டு, அட்டையில் பொன்னிற எழுத்து போட்டு விற்கிறார்கள். அதைச் சொன்னால் நான் ரசனை கெட்டவள்.

உண்மையில் எனக்கு வலித்தது அந்த 'பிள்ளைகள் படிக்கிற கதை' என்ற சொல்தான். பிள்ளைகள் என்றால் அரைவேக்காடு போதுமா? அவர்களுக்கு எதைப் போட்டாலும் தின்பார்கள் என்று நினைப்பது நானா, நீங்களா? நாற்பத்திரண்டு வயதில் இதைப் படிக்கிறாளே என்ற இளிப்பும் அந்த வரியில் இருந்தது. எனக்குப் புரியாமல் இல்லை தம்பி.

புத்தகம் மகளுக்காக வாங்கியது. அவளுக்குப் பதினான்கு வயது. 212ஆம் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு அடுக்களைக்கு வந்து, "அம்மா, இவனால் பொய் சொல்ல முடியாதுதானே?" என்று முதலில் கேட்டவளே அவள்தான். எனக்குப் பெருமையில் தொண்டை அடைத்தது. பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் தாமஸ் கதையெல்லாம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி விடும்மா, அவன் நல்லாத்தானே இருக்கிறான்" என்று போய்விட்டாள்.

இரண்டாம் பாகம் வருகிறதாம். முன்பதிவு செய்யச் சொல்லி நேற்றிலிருந்து நச்சரிக்கிறாள். செய்துவிட்டேன். அதற்கும் வந்து சிரித்துவிட்டுப் போங்கள்.