அன்று கைதட்டியவர்களில் நானும் ஒருவன்

நேற்றிலிருந்து ஆளாளுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் அந்த வீடியோவை நானும் பார்த்துவிட்டேன். அந்தத் தம்பியின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை, உங்களுக்கே தெரியும். 1999 டெஸ்ட் மேட்சில் இந்தியாவைப் பாகிஸ்தான் ஜெயித்தபோது எழுந்து நின்று கைதட்டிய சேப்பாக்கம் கூட்டத்துக்கு வெட்கமே இல்லையா என்று கேட்கிறார்.

நான் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். கைதட்டினேன். இன்னொரு முறை அப்படி ஒரு மேட்ச் நடந்தாலும் தட்டுவேன்.

முதலில், "கார்கில் நடந்த வருஷத்தில் கைதட்டினார்கள்" என்று சொல்வதை நிறுத்துங்கள். மேட்ச் முடிந்தது ஜனவரி 31. அடுத்த மாதம்தான் வாஜ்பாய் லாகூருக்கு பஸ்ஸில் போனார். கார்கில் சண்டை மே மாதம். இதைத் தேடிப் பார்க்க ஒரு நிமிஷம் ஆகாது. அதைக்கூடச் செய்யாமல் ஒரு ஊரையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எந்த ஊர் நியாயம்?

அன்று ஞாயிற்றுக்கிழமை. இப்போது இருக்கும் ஸ்டேடியம் இல்லை அது. பழைய கேலரி, சிமெண்ட் படிக்கட்டு, நடுவில் தூண் மறைக்கும். பேப்பரை விரித்துப்போட்டு உட்கார்ந்தாலும் சூடு ஏறும். எனக்கு இந்தப் பக்கம் அப்பா. அந்தப் பக்கம் ஒரு பெரியவர், கோடு போட்ட நோட்டில் பந்து பந்தாக ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்தார். 271 அடிக்க வேண்டும். 82-க்கு 5 விக்கெட் போய்விட்டது. அங்கிருந்து சச்சினும் மோங்கியாவும் 136 ரன் சேர்த்தார்கள். சச்சினுக்கு முதுகு வலி, குனிவதும் நிமிர்வதுமாக நின்று ஆடினார். ஒவ்வொரு ஃபோருக்கும் பெரியவர் நோட்டை மடியில் வைத்துவிட்டுக் கைதட்டி, மறுபடி பேனாவை எடுப்பார். 17 ரன்தான் பாக்கி. பாகிஸ்தான் ஸ்பின்னர் சக்லைன் பந்தைத் தூக்கி அடித்தார் சச்சின், அவர்கள் கேப்டன் அக்ரம் பிடித்துவிட்டார். 136-ல் அவுட். பெரியவர் அதை எழுதவே இல்லை. பேனாவைக் கையில் பிடித்தபடி பிட்ச்சையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு நாலே ரன்னில் மிச்சம் மூன்று விக்கெட்டும் போயிற்று. 12 ரன்னில் தோற்றோம்.

அந்த நிசப்தத்தை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. சில பேர் அழுதார்கள். அப்புறம்தான் ஒவ்வொருவராக எழுந்தோம். கைதட்டல் கேலரி கேலரியாகப் பரவியது. அக்ரமும் அவர் அணியும் மைதானத்தைச் சுற்றி வந்தார்கள். எங்கள் பக்கம் வந்தபோது அவர்கள் முகத்தைப் பார்த்தேன், அவர்களே அதை எதிர்பார்க்கவில்லை. பாகிஸ்தான் இங்கே ஆடக்கூடாது என்று சிலர் அந்த மாதம்தான் டெல்லியில் பிட்ச்சைத் தோண்டிப்போட்டார்கள், அதனால்தான் முதல் டெஸ்ட்டே சென்னைக்கு வந்தது. அப்படி வந்தவர்களுக்கு இந்த ஊர் காட்டிய மரியாதை அது. நன்றாக ஆடியவனுக்குத் தட்டினோம், அவ்வளவுதான். எங்களுக்கு வலிக்கவில்லை என்று உங்களுக்கு யார் சொன்னது?

"வேறு ஊரில் இப்படி நடக்குமா" என்று கேட்பீர்கள். அடுத்த மாதமே கொல்கத்தாவில் பாகிஸ்தானுடன் நடந்த டெஸ்ட்டில் கூட்டம் கலாட்டா செய்ய, கேலரியைக் காலி செய்துவிட்டுத்தான் மேட்சை முடித்தார்கள். அதற்காக அந்த ஊரைக் குறை சொல்ல மாட்டேன், சச்சின் ரன் அவுட் ஆன விதம் யாருக்கும் கோபம் வரவைக்கும். ஆனால் எங்களை வெட்கப்படச் சொல்லாதீர்கள்.

"சென்னைக்காரர்களுக்குத் தலைக்கனம்" என்பதற்கெல்லாம் பதில் இல்லை.

இதே சேப்பாக்கத்தில் 1986-ல் ஆஸ்திரேலியாவின் டீன் ஜோன்ஸ் வாந்தி எடுத்துக்கொண்டே 210 அடித்தார். 1997-ல் பாகிஸ்தானின் சயீத் அன்வர் 194 அடித்தபோதும் இதே கூட்டம்தான் எழுந்து நின்றது. ஒருநாள் போட்டியில் அன்றைக்கு அது உலக சாதனை. நம் பௌலர்களை அடித்துத்தான் எடுத்தார், தெரிந்துதான் தட்டினார்கள். ஆட்டம் தெரிந்தவர்கள் அப்படித்தான் செய்வார்கள். இப்போது பாட்டுப் போட்டு, ஸ்கிரீனில் எழுதிக் காட்டி, எப்போது கத்த வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். அன்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

உண்மையில் எனக்கு வலிப்பது வேறு. எதிரணி ஃபீல்டர் பாய்ந்து பந்தைத் தடுத்தாலும் தட்ட வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அப்பா. அன்று எனக்கு முன்னால் எழுந்தவரும் அவர்தான். கண் சிவந்திருந்தது, கை நிற்கவில்லை. இன்று அவர் இல்லை. இந்த நாட்டை அவர் எவ்வளவு நேசித்தார் என்பது எனக்குத் தெரியும். வெட்கம் இல்லையா என்று அந்த வீடியோ கேட்பது அவரைத்தான். அதை நான் விடமாட்டேன்.

அன்று அங்கே இருந்தவர்கள் கீழே எழுதுங்கள். எந்த ஸ்டாண்டில் இருந்தீர்கள், யாரோடு போனீர்கள் என்று எழுதுங்கள். அந்தத் தம்பியும் படிக்கட்டும்.